பத்தன் வெட்டு

ஹேர்னிங் என்ற டெனிஷ் ஊரில் ஒரு சனிக்கிழமை முற்பகல். செங்கல் வீடு ஒன்றின் வாசலில், அழைப்புமணிக்கு மேல் விரலை வைத்தபடி நிற்கிறேன். இன்னும் அழுத்தவில்லை.

ரயில் நிலையத்திலிருந்து இந்த வாசலுக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காலடி. வழியில் மூன்று தரம் நின்றேன். இரண்டு தரம் வலது முழங்காலுக்காக. மூன்றாவது தரம், திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்காக.

உள்ளே ஒருவன் கிற்றாருக்குச் சுருதி கூட்டுகிறான். ஐந்து தந்திகள் வசத்துக்கு வந்துவிட்டன. ஆறாவது மெல்ல ஏறுகிறது, வழுகி இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. முறுக்கும் விரலில் பலம் இல்லை என்பது கதவுக்கு வெளியிலேயே கேட்கிறது.

அது பத்மநாதன். யாழ்ப்பாணத்தில் ‘கிற்றார் பத்தன்’ என்றால்தான் தெரியும். இளவயதில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். மூவர் இப்போது இல்லை. மிஞ்சிய இருவரில் ஒருவன் கதவுக்கு உள்ளே, மற்றவன் வெளியே. பத்தொன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

சென்ற கிழமை பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எங்கள் முதற் பனிக்காலத்தைப் பற்றி எழுதியதற்கு நான்கு கடிதங்கள் வந்தன. இரண்டில் ஒரே கேள்வி: எல்லாவற்றையும் எண்ணும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கணக்கு படித்ததால் வந்தது என்று எழுதி ஒதுங்கியிருக்கலாம். அது முழு உண்மை அல்ல.

வைச்சிடாதேங்கோ மாமா

அந்த வாசலில் நிற்பதற்கு இரண்டு கிழமைக்கு முன், வைலே என்ற ஊரில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு கதிரைகள் உள்ள வீடு. ஒன்றுதான் பாவனையில் இருக்கிறது. தொலைபேசியும் ஏறக்குறைய அப்படித்தான்.

“மாமா, நான் யாழினி. பத்தன்ர மகள். வைச்சிடாதேங்கோ.”

“நான் ஏன் வைக்கிறன்?”

“அப்பாவெண்டா வைச்சிருப்பார். அதான் முதலே சொன்னன்.”

யாழினி இங்கே பிறந்தவள். நாற்பதை நெருங்குகிறாள். தமிழில் தொடங்குவாள், அவசரம் வந்தால் டெனிஷில் முடிப்பாள். அன்று அவசரம் இருந்தது. பத்தனின் இடது கையில் மூன்று விரல்கள் விறைத்துக்கொண்டு வருகின்றன. கழுத்தில் நசியும் நரம்புக்குச் சத்திரசிகிச்சை செய்யத் திகதி கொடுத்துவிட்டார்கள். செய்யாவிட்டால் கை முழுதும் போகும். செய்தபின் கிற்றார் பிடிக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டர் உறுதி தரவில்லையாம்.

“அந்த பஸ் பாட்டு மாமா. அது ஒரு இடத்திலயும் றெக்கோட் இல்லை. இஞ்ச ஆர்கிவ்ல இருந்து ஒரு மனிசி வீட்டை வந்து பதியிறனெண்டு சொல்லுறா. அப்பா ஓமெண்டிட்டார். ஆனா எண்ண ஆளில்லாமல் வாசிக்க மாட்டாராம்.”

ஆர்கிவ் என்பது இங்கே ஒவ்வோர் ஊரிலும் பழைய படங்களையும் குரல்களையும் சேர்த்துவைக்கும் காப்பகம்.

“ஹேர்னிங்கில எண்ணத் தெரிஞ்ச ஆக்கள் இல்லையோ?”

“அவர் கேக்கிறது ‘அந்தாளை’. பேர் சொல்லுறாரில்லை.”

அந்தாள் நான்தான். என் பெயர் சிவகுரு.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு பயம் பிடித்தது. அந்தப் பாட்டு முழுதாக இருப்பது இந்த உலகத்தில் இரண்டு பேரின் தலைக்குள் மட்டும். அவன் கை போவதற்கு முன் அதைப் பதியாவிட்டால் அது முடிந்தது. அதை அவன் பத்தொன்பது வருடம் தொடாமல் விட்டதற்குக் காரணம் நான்.

தையல்கடையின் பின்னறை

எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். பத்தனின் மாமன் ஒருவர் கப்பலில் வேலை செய்தார். அவர் ஒருமுறை ஓர் அமெரிக்கப் பாடகரின் சிறிய இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதே அது பழைய தட்டு.

றொக் அன் றோல் என்ற பெயரே உலகத்துக்குப் புதிதாக இருந்த நாளில் அதைக் கிற்றாரில் பேசவைத்த முதல் சிலரில் அந்தப் பாடகரும் ஒருவர். அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அவருடைய மற்றப் பாட்டுகளில் எது சிறந்தது என்று எனக்கு இருபது கடிதம் வரும். பதில் எழுதக் கை வலிக்கும்.

ஒரு தையல்கடையின் பின்னறையில், வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே, தட்டைச் சுழலவிட்டுப் பழகினோம். இயந்திரத்தின் சூடும் புதுத்துணியின் மாவு வாசமும் இன்றும் மூக்கில் நிற்கின்றன. நான் கச்சேரியில் எழுதுவினைஞன். ‘கச்சேரி’ என்றால் இசைக் கச்சேரி அல்ல, அரசாங்க அலுவலகம். குழுவில் எனக்குத் தாளக் கிற்றார். உண்மையில் என் வேலை எண்ணுவது.

அந்த வகைப் பாட்டின் கணக்கு எளிது. தாளத்தில் நான்கு அடி போனால் ஒரு பார். பன்னிரண்டு பார் போனால் ஒரு சுற்று. திரும்பவும் முதலிலிருந்து. அமெரிக்காவில் எத்தனையோ ஆயிரம் பாட்டுகள் இந்தப் பன்னிரண்டுக்குள்தான் ஓடுகின்றன.

பாட்டின் நடுவில் கிற்றார் மட்டும் தனியாக வரும் ஒரு சுற்று இருந்தது. பத்தனுக்கு அதில்தான் உயிர். ஊசியைத் திருப்பித் திருப்பி அந்த இடத்தில் வைத்தான். நான் எண்ணினேன். பதினொன்று.

“ஒண்டு குறையுதடா,” என்றேன்.

“வடிவா எண்ணு.”

எண்ணினேன். திரும்ப எண்ணினேன். நாற்பது தரம் எண்ணியிருப்பேன், நாற்பது தரமும் பதினொன்று. மற்றச் சுற்றுகள் எல்லாம் பன்னிரண்டு. இது மட்டும் பதினொன்று.

பத்தன் எழுந்து நின்றான். “மனிசன் வேணுமெண்டு வெட்டியிருக்கிறான். எல்லாரும் காத்துக்கொண்டு நிக்க, ஒண்டை விழுங்கிப்போட்டு முன்னுக்குப் போறான். விளங்குதே? அதுதானடா வித்தை!”

எனக்கு விளங்கியது. நாற்பது தரம் சரிபார்த்த கணக்கு அல்லவா.

அந்த வெட்டை வைத்துத்தான் பத்தன் சொந்தமாக ஒரு தமிழ்ப் பாட்டுக் கட்டினான். தரிப்பிடத்தில் ஆட்கள் நிற்க, நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு சுற்றும் பதினொரு பார். பன்னிரண்டாவது பாரில் பஸ் வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருக்கும்போது, அது தாண்டிப் போய்விடும். அடுத்த சுற்று தொடங்கிவிடும். சனம் குலுங்கிச் சிரிக்கும். கோயில் திருவிழாக்களில் அந்த இடத்துக்காகவே காத்து நின்றார்கள். மற்ற இசைக்குழுக்கள் அதைப் பார்த்துத் தாங்களும் வாசித்தன. ‘பத்தன் வெட்டு’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

ஒரு திருவிழாவில் எங்களுக்கு முன் வாசித்த தவில்காரர் ஒருவர் ஓரமாக இருந்து விரல்மடித்துக் கணக்குப் பார்த்தார். இறங்கி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்கட கணக்கு ஒரு கால் நொண்டுது.”

“ஓம் ஐயா.”

“ஆனா வடிவா நொண்டுது. விட்டிடாதேங்கோ.”

பாராட்டு முழுவதும் பத்தனுக்குப் போனது. நொண்டினாலும் விழாதபடி ஐந்து பேரையும் பதினொன்றில் திருப்பிக் கொண்டுவந்தவன் நான். பின்வரிசையில் நின்றேன். இன்றைக்கு எழுதும்போதுகூட இந்த வரி கொஞ்சம் கசக்கிறது.

பென்ட்டின் மேசை

பிறகு நடந்தவை எல்லாருக்கும் நடந்தவை. நாடு விட்டோம். நான் வைலேயில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பெட்டி எண்ணினேன். பத்தன் ஹேர்னிங்கில் துணித் தொழிற்சாலையில். பிள்ளைகள் வளர்ந்தார்கள். மண்டப விழாக்களில் பஸ் பாட்டு தொடர்ந்து ஓடியது.

என்னோடு வேலை செய்தவர்களில் பென்ட் என்று ஒரு டெனிஷ்காரன். பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவன். ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் பேசமாட்டான். யூலாந்துக்காரர்களுக்கு, அதாவது இந்தப் பகுதி ஆட்களுக்கு, அது போதும். ஒரு மதியம் கறுப்பு ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே மேசையில் விரலால் தட்டினான். எனக்கு ரோமம் சிலிர்த்தது. அதே பாட்டு, அதே தனிச் சுற்று. அவனும் இளமையில் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து அதை வாசித்தவனாம்.

அமெரிக்காவில் ஒரு மனிதர் கிற்றாரில் செய்த விளையாட்டு. அதை ஒரே காலத்தில் வைலேயில் ஒருவனும் யாழ்ப்பாணத்தில் ஒருவனும் பழகியிருக்கிறார்கள். இருவரும் இருப்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

நானும் சேர்ந்து தட்டினேன். பதினோராவது பார் முடிய நான் முதலுக்குத் திரும்பினேன். அவன் திரும்பவில்லை. இரண்டு கைகளும் மோதிக்கொண்டன.

“ஒன்றை விழுங்கிவிட்டாய்,” என்றான் பென்ட்.

“இல்லை. அவர்தான் விழுங்கினார்.”

பென்ட் இல்லையென்று தலையாட்டினான். மறுநாள் தன்னிடமிருந்த இசைத்தட்டை நாடாவில் பதிந்து கொண்டுவந்தான். எண்ணினேன். பன்னிரண்டு.

எங்கள் தட்டில் இருந்தது கீறல். ஊசி அந்த இடத்தில் ஒரு வட்டம் தாண்டிப் பாய்ந்திருக்கிறது. ஒரு வட்டம் சுழலும் நேரமும் அந்தப் பாட்டில் ஒரு பார் போகும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் பாய்ச்சல் காதில் இடறவில்லை. இயந்திரம் நாற்பது தரமும் ஒரே பிழையைச் செய்தது. நான் நாற்பது தரமும் அதைச் சரியாக எண்ணினேன்.

அறுபத்திரண்டு பேர்

பத்தொன்பது வருடத்துக்கு முன், பத்தனின் பிறந்தநாள் ஒன்று வந்தது. ஹேர்னிங்கில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். அறுபத்திரண்டு பேர். பத்தன் பஸ் பாட்டை வாசித்தான், வெட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மைக்கைப் பிடித்து, அமெரிக்காக்காரனின் வித்தையைத் தான் எப்படிக் கண்டுபிடித்தான் என்ற கதையைச் சொன்னான். அந்தக் கதையை அவன் சொல்லி நான் கேட்பது எத்தனையாவது தரம் என்று எனக்குத் தெரியும். அதில் நான் வருவதில்லை.

நான் எழும்பிப் போய் மைக்கை வாங்கினேன்.

“பத்தன், அது வித்தை இல்லை. கீறல். தட்டில கீறல். என்னட்டச் சாட்சி இருக்கு.”

சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்துக் காட்டினேன். மண்டபம் சிரித்தது. அது கெட்ட சிரிப்பு இல்லை. பிறந்தநாள் வீட்டுப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். பத்தனும் சிரித்தான். பிறகு கிற்றாரின் வயரைக் கழற்றி, முழங்கையில் எட்டு வடிவில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினான். அதற்குப்பின் அந்தப் பாட்டை அவன் வாசிக்கவில்லை.

உண்மையைச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஸ் நிண்டிட்டுதே?

மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தது பத்தனின் மனைவி சறோஜா.

“வாங்கோ அண்ணை. மெலிஞ்சு போனியள்.”

வரவேற்பறையில் பத்தன் கிற்றாரை மடியில் வைத்திருந்தான். தலை முழுதும் நரை. என்னைப் பார்க்காமல் தந்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“பதினேழு நிமிசம் பிந்திட்டாய்.”

“ரயில் பிந்திட்டுது.”

“பத்தொன்பது வருசமும் ரயிலோ?”

யாழினி சிரிப்பை அடக்கத் தேநீர்க் கோப்பையை வாயில் வைத்தாள். நான் கதிரை ஒன்றை இழுத்து இருந்தேன். காப்பகத்து மனிசி வருவதற்கு ஒரு மணித்தியாலம் இருந்தது.

“ஒத்திகை பாப்பம்,” என்றான் பத்தன். “பன்னிரண்டு. எண்ணு.”

“என்ன பன்னிரண்டு?”

“ஆர்கிவுக்குப் போற சாமான். நூறு வருசத்துக்கு இருக்கும். பிழையாப் போகக்கூடாது. நீதானே சொன்னனி பன்னிரண்டெண்டு.”

எண்ணினேன். அவன் பாடினான். குரல் தேய்ந்திருந்தாலும் சுருதியில் நின்றது. பதினொன்று முடிந்தது. சொற்கள் தீர்ந்துவிட்டன. பன்னிரண்டாவது பார் வெறுமனே நின்றது, யாரும் ஏறாமல், யாரும் இறங்காமல்.

குசினியிலிருந்து சறோஜாவின் குரல் வந்தது. “என்ன, பஸ் நிண்டிட்டுதே?”

யாழினி சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது. பத்தன் சிரிக்கவில்லை. “திரும்ப,” என்றான். திரும்பவும் பஸ் நின்றது. மூன்றாவது தரம் சொற்களை இழுத்து நிரப்பப் பார்த்தான். பாட்டு ஒப்பாரி மாதிரி ஆனது. அவனுடைய நடுவிரல் தந்தியிலிருந்து தானாகக் கழன்றது. வலக்கையால் அதை எடுத்துத் திரும்ப வைத்தான், தவறி விழுந்த பென்சிலை எடுத்து வைப்பதுபோல.

இந்தக் கையில் எத்தனை சுற்று மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதிகம் இல்லை. அதைப் பன்னிரண்டில் செலவழித்துக்கொண்டிருந்தோம்.

“பத்தன், விடு. பதினொண்டா வாசி.”

“பிழையெண்டு மைக்கில சொன்ன ஆள் சொல்லுறார்.”

“நான் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் பிழை.” சொல்ல நினைத்து வந்தது இவ்வளவு அல்ல. ஆனால் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. “எல்லாரும் பத்தன் வெட்டு, பத்தன் வெட்டெண்டு சொல்லுவினம். எண்ணினவன்ர பேரை ஒருத்தரும் சொல்லேல்லை. நீயும் சொல்லேல்லை. எரிச்சலில சொன்னனான். உண்மைக்காகச் சொல்லேல்லை.”

யாழினி கோப்பையைக் கீழே வைத்தாள். பத்தன் ஆறாவது தந்தியைத் தடவினான்.

“எனக்குத் தெரியும்,” என்றான்.

“எது? எரிச்சலோ?”

“அதுவும். கீறலும்.” முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “இஞ்ச வந்த முதல் வருசமே ரேடியோவில போச்சு. கேட்டனான். பன்னிரண்டு.”

“பிறகேன் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனி?”

“கீறலெண்டு சொன்னா ஆரடா கைதட்டுவான்? சனம் அந்த இடத்தில சிரிக்கிறது மட்டும் பொய்யில்லையே.” கிற்றாரை மடியில் சரித்தான். “நீயும் கேட்டிட்டியெண்டா எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். ரெண்டு பேரும் இருந்து சிரிச்சிருப்பம். அறுபது பேருக்கு முன்னால சொன்னாய்.”

“அறுபத்திரண்டு.”

“மூதேசி,” என்றான். பழைய நாட்களில் அன்பாகச் சொல்லும் அதே தொனியா, இல்லையா என்று பிரித்தறிய என் காது போதவில்லை.

படிவம்

காப்பகத்து மனிசியின் பெயர் கிறிஸ்டன். அறுபது வயதிருக்கும். சிறிய பதிவுக் கருவி ஒன்றை மேசையில் வைத்து, சறோஜா கொடுத்த வடையைப் பாதி கடித்துவிட்டு, தயார் என்று தலையாட்டினார்.

நான் சத்தமாக எண்ணித் தொடக்கிவிட்டேன். பிறகு தொடையில் தட்டியபடி வாய்க்குள் எண்ணினேன். ஐந்து சுற்று. முதல் மூன்றிலும் பஸ் நிற்காமல் போனது. குசினியில் அகப்பைச் சத்தம்கூட நின்றுவிட்டது. நான்காவதில் அவனுடைய இரண்டு விரல்கள் சொல்வழி கேட்கவில்லை. சில இடங்களில் சுரம் இல்லாமல் வெறும் தட்டு மட்டும் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை. ஐந்தாவதைப் பாதிக் கையோடு முடித்தான்.

இரண்டாம் தரம் பதிய முடியாது என்பது சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. பத்தன் இடது கையை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்டன் கருவியை நிறுத்திவிட்டு யாழினியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். யாழினி மொழிபெயர்த்தாள்.

“ஒவ்வொரு சுற்றிலயும் ஒரு பார் குறையுதாம். வேணுமெண்டு செய்ததோ எண்டு கேக்கிறா. எழுத வேணுமாம்.”

நானும் பத்தனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“ஓமெண்டு சொல்லு,” என்றான் பத்தன்.

கிறிஸ்டன் ஒரு படிவத்தை நீட்டினார். எழுத்து வடிவாக இருக்கும் என்று யாழினி பேனாவை என்னிடம் தந்தாள். பாட்டின் பெயர், பாடியவர், ஊர் எல்லாம் எழுதினேன். ‘இசை’ என்ற இடத்தில் பத்தனின் பெயரைத் தொடங்கப்போனேன்.

“பொறு,” என்றான். “முதல் அவன்ர பேர்.”

“ஆற்ற?”

“அமெரிக்காக்காரன்ர. அவனில்லாட்டி ஒண்டுமில்லை.”

அந்த அமெரிக்கப் பாடகரின் பெயரை எழுதினேன். அவர் இறந்த செய்தியை டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு டெனிஷ் பத்திரிகையில் படித்திருக்கிறேன். தன் பாட்டால் தமிழில் ஒரு பஸ் ஓடியது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதன் கீழே பத்மநாதன் என்று எழுதிப் பேனாவை மூடினேன்.

“உன்ரயும் எழுது.”

“நான் என்ன செய்தனான்?”

“நாப்பது தரம் எண்ணிப்போட்டுப் பதினொண்டெண்டு அடிச்சுச் சொன்னது ஆர்? நான் சந்தேகப்பட்டனான். நீதான் சரியெண்டனி.” கையை அக்குளிலிருந்து எடுத்துப் படிவத்தைச் சுட்டினான். விரல் நேராக நிற்கவில்லை. “இந்தப் பிழைக்கு நான் தனிய நிக்கேலாது.”

மூடியைத் திரும்பக் கழற்றினேன். அந்தக் கட்டத்தில் இரண்டு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கி, ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.